ஒரு சஹனுக்கு ஒராள் கொற

1

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். விளக்கத்தை ஆறுதலாகக் கதைக்கலாம். எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்த சஹன் போன வெள்ளிக்கிழமை கீழே இறங்கிவிட்டது. இறங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தது. விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் அடுப்பை அணைக்க மறந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

புத்தளத்துக்காரருக்குச் சஹன் என்றால் விளக்கம் வேண்டாம். ஆனால் இந்தக் குறிப்புகளைச் சிலாபத்துக்கு அப்பால் உள்ளவர்களும் வாசிக்கிறார்கள் என்று முந்தலில் இருக்கும் என் ராத்தா சொல்கிறார். அக்கா என்ற முறையில் அவர் பொய் சொல்லவும் கூடும். இருந்தாலும் அவர்களுக்காக: சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றிவரப் பாயில் ஆறு பேர் உட்கார்ந்து, ஆறு பேரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவோம். அவரவருக்கு முன்னால் இருப்பது அவரவருக்கு. எல்லை தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஊர் சொல்லும்.

நான் வெளிநாடு கிளம்பியபோது ராத்தாதான் இதைப் பெட்டிக்குள் திணித்தார். "சஹன் இல்லாத வீடு ஒரு வீடாடா?" என்றார். இங்கே விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதை வெளியே எடுத்து, தலைகீழாகப் பார்த்து, செய்மதி அன்டெனாவா என்று கேட்டார். சாப்பாட்டுத் தட்டு என்றேன். தட்டையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார், பேசாமல் போகவிட்டார்.

அன்று முதல் அது அலுமாரிக்கு மேலே. சோறு படாத அந்தச் சஹனில் நகரசபைக் கடிதங்களைப் போட்டு வைத்தோம். வரிக் கடிதம், குப்பைத்தொட்டிக் கடிதம், குப்பைத்தொட்டிக் கடிதம் கிடைத்ததா என்று விசாரிக்கும் கடிதம். ஆறு பேர் சாப்பிட வேண்டிய இடத்தில் அரசாங்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

2

இங்கே என் தொழில் தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வேன். நோயாளி தமிழில் முனகுவதை வைத்தியருக்கு ஆங்கிலத்தில் முனகுவேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும்.

மனைவி ரிஹானா, தில்லையடிப் பெண், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய வேலைக்காகத்தான் இந்த வருடத் தொடக்கத்தில் லண்டனை விட்டு வடக்கே, யோர்க்ஷயரில் ஒரு சிறிய ஊருக்கு வந்தோம். அவளுக்குப் பெரும்பாலும் பின்னேர வேலைமுறை என்பதால் பின்னேரச் சாப்பாடு என் பொறுப்பு. நான் நாற்பதை நெருங்கிக் கலியாணம் முடித்தவன். என் வயதுக்காரர்கள் மருமகன் தேடும்போது நான் பாற்பல் விழுந்த கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூத்தவள் ஸைனபுக்கு ஒன்பது வயது, இளையவன் அம்மாருக்கு ஐந்து.

என் சமையல் புத்தகம் அச்சில் வந்தால் அட்டையை விட்டால் நாலு பக்கம் இருக்கும். பருப்பு ஒரு பக்கம்: மைசூர்ப் பருப்பைக் கழுவி, வெங்காயம், மஞ்சள், உப்புப் போட்டு வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப் பாலை விட்டு, காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது, அதற்குள் சோறும் வெந்துவிடும். கோவா, அதாவது முட்டைக்கோசு, ஒரு பக்கம்: நூல் நூலாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு, நெருப்பில் காட்டி எடுக்க வேண்டும். தேங்காய்ப்பூ இங்கே பொடியாகக் காய்ந்து பைக்குள் வருகிறது. அதை இளஞ்சூட்டுப் பாலில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் தன் பிறப்பு ஞாபகம் வந்து மெதுவாகிவிடும். மூன்றாம் பக்கம் முட்டை. நாலாவது பக்கத்தை நான் எழுதுவதற்கே வெட்கப்படுகிறேன்: டின்மீன்.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. நான் கற்பிட்டியில் பிறந்தவன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உச்சமுனையில் இருந்து வள்ளம் வந்து சேர்ந்தால் மீன் துடிக்கிறதா இல்லையா என்று பார்த்து, துடிக்காவிட்டால் விலை பேசாமல் திரும்பிய ஆட்கள் நாங்கள். அந்த வம்சத்தில் வந்தவன் இப்போது டின்னின் அடியில் காலாவதித் திகதி தேடுகிறேன்.

சமையல் ஒரு பிரச்சினையே இல்லை. அம்மாருக்குச் சோறும் பருப்பும் இருந்தால் உலகம் சரியாகச் சுற்றும். ஸைனப்தான் கவலை. புதுப் பாடசாலையில் சேர்ந்த நாளிலிருந்து மணம் இல்லாத சாப்பாடாகக் கட்டித் தரச் சொன்னாள். பாண் இரண்டு துண்டு, நடுவில் சீஸ். வீட்டுக்கு வந்தால் அதில் பாதி திரும்பியிருக்கும். தினமும் ஒரே கேள்வியைக் கேட்பேன்.

"பகல் சாப்பாட்டுக்கு யாரோட இருந்த?"

"சாப்பாட்டுப் பெட்டியோட."

ஆங்கிலத்தில்தான் சொல்வாள். எங்களோடு தமிழ் கதைப்பதையும் ஊர் மாறியபோது லண்டனிலேயே விட்டுவிட்டு வந்தாள் போல. சாப்பாட்டு மண்டபத்தில் ஆறாறு பேர் இருக்கும் நீள வாங்குப் பலகைகளாம். அவள் இருக்கும் வாங்கில் பக்கத்து இடம் எப்போதும் காலி. யாரும் அவளை விரட்டவில்லை, கேலி செய்யவில்லை. யாரும் வரவில்லை, அவ்வளவுதான். விரட்டினாலாவது நான் போய் ஆசிரியையோடு சண்டை பிடிக்கலாம். வராதவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பாடசாலையும் தன் பங்குக்கு உதவியது. பெயர் எழுதும் கட்டங்களை நான் மாறி நிரப்பியதில் மகளுக்கு என் பெயரே பெயராகிவிட்டது. முதல் கிழமை முழுவதும் ஆசிரியை அவளை "நிஸ்தார், நிஸ்தார்" என்று கூப்பிட்டிருக்கிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாளாம். பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அதையும் சஹனில் போட்டேன்.

3

சஹன் கீழே இறங்காததற்கு ஸைனபும் ஒரு காரணம்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது தில்லையடியில் ரிஹானாவின் சொந்தத்தில் ஒரு கலியாணம். நான் ஆண்கள் பக்கம் இருந்ததால் பெண்கள் பக்கம் நடந்ததை ரிஹானா சொல்லித்தான் அறிவேன். சஹன்கள் வைக்கத் தொடங்கியதும் ஒரு பெண் நடுவில் நின்று, "ஒராள் கொற, ஒராள் கொற, வாங்க" என்று கூவிக்கொண்டு ஆள் தேடியிருக்கிறார். ஒரு சஹனைச் சுற்றி ஓராள் குறைவாக ஐந்து பேர் இருந்தார்களாம். ஆறாவது ஆள் வராமல் அந்த ஐந்து பேரும் கை வைக்கமாட்டார்கள். கலியாண வீடுகளில் இந்தக் குரல் கேட்காமல் நாங்கள் யாரும் வளரவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஸைனபை அந்தப் பெண் கண்டிருக்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு நடுவில் இருத்திவிட்டார். அந்த ஐந்து பேரும் பிள்ளை வெளிநாடு என்று அறிந்ததும் அன்பு மிகுதியால் தங்கள் பக்கத்துக் கோழித் துண்டுகளை எல்லாம் அவள் பக்கம் தள்ளியிருக்கிறார்கள்.

வேனில் வரும்போது அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அவங்க எல்லாரும் என் சாப்பாட்டைத் தொட்டாங்க. அவங்க அஞ்சு பேரும் சாப்பிட்டிருக்கலாம்தானே? ஏன் என்னை இழுக்கணும்?"

நியாயமான கேள்வி. நாற்பத்தெட்டு வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. "கழுவுற வேலை குறையும்" என்றேன். வேனில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இங்கே திரும்பி வந்த பிறகு, "அந்தத் தட்டை யாருக்கும் காட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

4

இப்படி இருக்கும்போது, இரண்டு கிழமைக்கு முன்னால், பாடசாலை வாசலில் ஒரு பெண் என்னிடம் வந்தார். கேட் என்று பெயர் சொன்னார். ஸைனபின் வகுப்பில் படிக்கும் எல்லியின் தாய். ஏதோ ஒரு பாடத்தில் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து எரிமலை செய்யவிட்டிருக்கிறார்கள். எரிமலை வெடித்ததில் நட்பாகிவிட்டார்களாம். எல்லி எங்கள் வீட்டுக்கு வர ஆசைப்படுகிறாள் என்றார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை டீக்கு வரட்டும் என்று நான் சொன்னேனா, டீக்கு வரலாமா என்று அவர் கேட்டாரா என்பதே இப்போது நினைவில்லை. இருவரும் டீ என்ற சொல்லைச் சொன்னோம், இருவரும் சந்தோசமாகத் தலையாட்டினோம். எல்லியின் தம்பி ஜாக்கையும் அனுப்பலாமா என்று கேட்டார். அவன் சாப்பாட்டில் கொஞ்சம் கரைச்சல், வெளிர் நிறத்தில் இருப்பதை மட்டும்தான் வாயில் வைப்பான் என்றார். பிஸ்கட் வெளிர் நிறம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ரிஹானாவிடம் தமிழில் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம ஸைனபுட கூட்டாளி தேத்தண்ணிக்கு வாறா."

"தேத்தண்ணிக்கா? சின்னப் புள்ளைக்கு என்ன தேத்தண்ணி? சரி, பால் கூட ஊத்துங்க. இஞ்சி தட்டிப் போட்றாதீங்க."

அத்தோடு விஷயம் முடிந்தது. நான் புத்தள நூலகத்தில் பழைய ஆங்கில நாவல்களைத் தின்று வளர்ந்தவன். அந்த நாவல்களில் வரும் சீமாட்டிகள் பின்னேரம் தோட்டத்தில் இருந்து டீ குடிப்பார்கள், மெல்லிய பாண் துண்டு ஒன்றைக் கடிப்பார்கள், யாரையாவது பற்றி வம்பளப்பார்கள். எனவே எனக்கு எல்லாம் தெரியும். நல்ல கோப்பைகள் எடுத்து வைத்தேன். கிரீம் கிறேக்கர் வாங்கினேன். பட்டர் பிஸ்கட் வாங்கினேன். வம்பும் கொஞ்சம் யோசித்து வைத்தேன்.

ஸைனப் அந்தக் கிழமை முழுவதும் வீட்டைத் தூசி தட்டினாள். வியாழக்கிழமை இரவு படுக்கப் போகும்போது என் அருகில் வந்து, "வாப்பா, வழக்கத்துக்கு மாறா ஒண்டும் செய்யாதீங்க" என்றாள். பயத்தில் தமிழில் சொன்னாள்.

5

வெள்ளிக்கிழமை கேட் இரண்டு பிள்ளைகளையும் வாசலில் விட்டார். டீ முடிந்ததும் வேலையிலிருந்து நேரே வந்து கூட்டிப் போவதாகச் சொன்னார். "பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இவங்களுக்கு ஒண்ணும் கொடுக்கல, நல்ல பசியில இருக்காங்க" என்று சிரித்தார். இதுவும் எனக்கு உறைக்கவில்லை. பிஸ்கட் பெட்டி பெரியதுதானே.

நாலு கோப்பையில் பால் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் பிஸ்கட் அடுக்கி, தட்டைப் பூப்போட்ட துணியால் மூடிக் கொண்டுபோய் வைத்தேன். எல்லி மரியாதையாக ஒரு மிடறு குடித்தாள். ஜாக் கிறேக்கர் ஒன்றைத் தின்றான், இரண்டைத் தின்றான், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"டீ எப்ப வரும்?"

"இதுதான் டீ, மகன்."

"இது குடிக்கிற டீ. நான் சாப்பிடுற டீயைக் கேக்கிறேன்."

ஸைனப் என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வாப்பா, இங்க டீ எண்டா ராச்சாப்பாடு. எல்லாருக்கும் தெரியும்."

"உனக்கும் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்க மொழிபெயர்ப்பாளர்தானே?"

பிறகு யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. ரிஹானா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தினமும் பின்னேரம் "டீ" என்று உருளைக்கிழங்கும் இறைச்சியும்தான் கொடுக்கிறார்கள். அவளிடம் டீ என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திருத்தியிருப்பாள். நான்தான் தொழில் புத்தியில் அதைத் தேத்தண்ணி என்று மொழிபெயர்த்து, உண்மை தெரிந்த இன்னொரு ஆளிடமிருந்தும் உண்மையை மறைத்திருந்தேன்.

கடைக்குப் போக முடியாது. பிள்ளைகளைத் தனியே விட இந்த நாட்டில் இடமில்லை. காரை ரிஹானா கொண்டு போயிருந்தாள். ஸைனப் கதவோரம் நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அடுப்பை அல்ல. திங்கட்கிழமை சாப்பாட்டு மண்டபத்தை, அந்தக் காலி இடத்தை. அது எனக்குத் தெரிந்தது. ராத்தாவுக்கு வீடியோ அழைப்பெடுத்தேன்.

6

"என்னடா இந்த நேரத்துல? யாரும் மௌத்தாப் போய்ட்டாங்களா?"

"இல்ல ராத்தா. சாப்பாட்டுக்கு ஆள் வந்திரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ். எத்தின பேர்?"

"ரெண்டு."

"ரெண்டு பேருக்கா என்னை எழுப்பின?"

"சின்னப் புள்ளைகள். வெள்ளக்காரப் புள்ளைகள். ஒராள் வெள்ளையா இரிக்கிறத மட்டும்தான் தின்னுவான்."

"அப்ப அவன்ட உம்மாவைச் சோறு வடிச்சுக் குடுக்கச் சொல்லு. சரி சரி, மூஞ்ச தூக்காத, தெரியுது. வீட்டுல என்னா இரிக்கி?"

குளிர்ப்பெட்டியைத் திறந்து தொலைபேசிக்குக் காட்டினேன். முட்டை, கோவா பாதி, கரட், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ். முந்தின நாள் கோழிக் கறியில் கோழி போய் ஆணம் மட்டும் மிஞ்சியிருந்தது. தட்டையான ரொட்டி ஒரு பை. இங்கே அதற்குள் எதையாவது வைத்துச் சுருட்டித் தின்பார்கள், நாளையோடு காலாவதி.

"அதென்ன, கடதாசியா?"

"ரொட்டி ராத்தா. கடதாசி மாதிரித்தான் இரிக்கி."

"ரொட்டி இரிக்கி, முட்டை இரிக்கி, ஆணம் இரிக்கி. முந்தல் சந்தியில பொறந்து வளராட்டியும் நீ அந்த வழியாலதானே காலேஜுக்குப் போன? இன்னும் என்னைக் கேக்கிற. கொத்திப் போடுடா."

கொத்து ரொட்டி. எனக்கு ஏன் தோன்றவில்லை? முந்தல் பஸ் தரிப்பில் தகட்டில் கொத்தும் அந்தச் சத்தம் கேட்டவுடன், பஸ்ஸுக்குள் நித்திரை கொண்டிருந்தவர்களும் எழும்பி வயிற்றைத் தடவுவார்கள். நான் எத்தனையோ முறை பஸ்ஸைத் தவறவிட்டு, கொத்தைத் தவறவிடாமல் வீடு போயிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். கொத்துக்குத் தகடு வேண்டும், இரண்டு கைக்கும் இரும்பு வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ரிஹானாவின் ஒட்டாத தாச்சி. அதில் இரும்பு பட்டால் நான் வேறு வீடு பார்க்க வேண்டும்.

"கத்திரிக்கோலால நறுக்கு. வாய்க்குள்ள போனப்பொறகு எதால வெட்டின எண்டு யாரு கேக்க? ஆணத்துல கொஞ்சம் பால் ஊத்து, உறைப்புக் கொறையும். நெறமும் வெளுக்கும், உன்ட வெள்ளக்காரனுக்கு" என்று சொல்லிவிட்டு ராத்தா தூங்கப் போய்விட்டார்.

ரொட்டிகளைச் சுருட்டி, கத்திரிக்கோலால் நாடா நாடாக நறுக்கினேன். எல்லி வந்து எட்டிப் பார்த்தாள், தனக்கும் ஒரு கத்திரிக்கோல் கேட்டாள். தாச்சியில் எண்ணெய், வெங்காயம், கறிவேப்பிலை. அதன் மேல் லீக்ஸ், கரட், கோவா. ஒதுக்கிவிட்டு நடுவில் மூன்று முட்டை. முட்டை கட்டியாகத் தொடங்கும்போது ரொட்டி. கடைசியில் பால் விட்ட ஆணம். நல்ல மணம். ஆனால் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத கொத்தை முந்தலில் யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். நான் ஒரு சட்டியைக் கவிழ்த்து, இரண்டு கரண்டியை ஜாக்கின் கையில் கொடுத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டினேன். டக்-டக டக்-டக டகடக டக். பையன் ஒரு கணம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு தட்டினான். அல்லாஹ்வே, அந்தப் பிள்ளை முந்தலில் பிறந்திருக்க வேண்டியவன். எல்லி பானை மூடியை எடுத்தாள். புகை எச்சரிக்கை மணியும் கூவத் தொடங்கியது. அதுவும் தாளத்தில்தான் கூவியது.

அடுத்த சிக்கல் பீங்கான் தட்டு. வீடு மாறியபோது ஒரு பெட்டி நொறுங்கியதில் மிஞ்சியது நாலே நாலு. பிள்ளைகள் நாலு பேருக்கும் போட்டுவிட்டு நான் பிறகு தாச்சியிலிருந்து தின்னலாம் என்று நினைத்தேன். நான் இதைச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மார் ஏற்கெனவே கதிரையை அலுமாரிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போயிருந்தான்.

7

விழுந்தது என்று முதலிலேயே சொன்னேன். முதலில் கடிதங்கள் பறந்தன, பிறகு சஹன் சுழன்று சுழன்று வந்து நிலத்தில் இருந்தது. சுழலும்போது அது எழுப்பிய சத்தம் ஜாக் எழுப்பிய எல்லாச் சத்தத்தையும் தோற்கடித்தது. ஸைனப் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜாக் அதைத் தூக்கி முன்னால் பிடித்துப் பார்த்தான். "இது யாருடைய கேடயம்?"

"கேடயமில்ல" என்றான் அம்மார். "இது தட்டு. எல்லாரும் சேந்து சாப்பிடுறது."

"எல்லாருமா? ஒரே தட்டிலா? கையாலயா?" எல்லி ஸைனபைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன் இதைச் சொல்லவே இல்லை?"

ஸைனப் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வழக்கத்துக்கு மாறா ஒண்டும் செய்யாதீங்க என்று கேட்ட பிள்ளை. நான் தோளைக் குலுக்கினேன், முடிவு அவளுடையது. பிறகு சஹனை ஜாக்கிடமிருந்து வாங்கி, கழுவும் தொட்டிக்குக் கொண்டு போனாள். நான் உதவிக்குப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டாள்.

நிலத்தில் விரிப்பைப் போட்டுச் சுற்றி இருந்தோம். நாலு பிள்ளைகளும் நானுமாக ஐந்து பேர். பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். ஜாக் தொடவில்லை. தன் பங்கு எது என்று தெரியாத சாப்பாட்டை அவன் அதுவரை கண்டதில்லை. அம்மார் விரலால் கொத்தில் இரண்டு கோடு கிழித்தான். "இதுக்குள்ள இரிக்கிறது ஒன்ட. நான் தொடமாட்டன். நீயும் என்டதத் தொட வேணாம்."

தனக்கென்று எல்லை போட்ட ஒரு நாடு கிடைத்ததும் ஜாக் உள்ளே நுழைந்தான். கரட்டைப் பொறுக்கி எல்லைக்கு வெளியே தள்ளினான். அம்மார் அகதிகளாக வந்த கரட்டை எல்லாம் ஏற்றுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் எல்லைக் கோட்டைக் காணவில்லை, கரட்டையும் காணவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. எல்லியின் தாய் கேட். மேலங்கியோடு வாசலில் நின்று, வேலை நேரத்தோடு முடிந்ததால் நேரே வந்துவிட்டதாகச் சொன்னார், குறுக்கிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார், பிறகு நிலத்தில் தன் மகன் லீக்ஸ் தின்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தேன். டீ பற்றிய விளக்கம், மன்னிப்பு, சஹனின் வரலாறு எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கப் பார்த்தேன். எனக்கு முந்தி ஸைனப் எழுந்துவிட்டாள். போய் கேட்டின் கையைப் பிடித்தாள்.

"ஒராள் கொற. வாங்க."

தமிழில். சொன்ன பிறகுதான் தமிழில் சொன்னது அவளுக்கே தெரிந்தது. காது சிவந்தது. உடனே ஆங்கிலத்தில், "ஆறு பேர் இருக்க வேணும். நாங்க அஞ்சு பேர்தான் இருக்கிறோம்" என்று விளக்கினாள், ஏதோ சட்டப் புத்தகத்தில் உள்ளதைப் போல. பிடித்த கையை விடவில்லை. அந்தத் தில்லையடிக் கலியாண வீட்டுப் பெண்ணும் இப்படித்தான் பிடித்திருப்பார்.

கேட் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். கைகழுவும் இடம் எது என்று கேட்டார். அவரும் பகலுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். விருந்தாளிக்குத் தேத்தண்ணி போட வேண்டும், அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. நான் எழுந்ததும் மறுபடி ஐந்து பேர். அந்த நேரம் பார்த்து ரிஹானா கதவைத் திறந்தாள், அன்று அவளுக்குப் பகல் முறை. நிலமெல்லாம் நகரசபைக் கடிதம், ஒட்டாத தாச்சி அடுப்பில், கவிழ்ந்த சட்டி, வெள்ளைக்காரப் பெண் ஒருவர் எங்கள் சஹனில் கை வைத்தபடி.

"தேத்தண்ணி எண்டுதானே சொன்னீங்க?"

"உம்மா, ஒராள் கொற" என்றாள் ஸைனப்.

ரிஹானா வேலை உடுப்போடு கையைக் கழுவிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தாள். ஆறு பேர் சரி. நான் குசினியில் நின்றபடி கிரீம் கிறேக்கரும் பால் தேத்தண்ணியும் சாப்பிட்டேன். அன்று டீக்கு டீயையே சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

8

திங்கட்கிழமை பின்னேரம் பாடசாலை வாசலில் வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். ஸைனப் கேட்கவிடவில்லை. புத்தகப்பையை என் கையில் போட்டுவிட்டு நடந்துகொண்டே சொன்னாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் எல்லி அவளுடைய வாங்குக்கு வந்து உட்கார்ந்தாளாம். இன்னும் இரண்டு பேரை இழுத்து வந்தாளாம். பிறகும் இடம் மிச்சம் இருந்ததைக் கண்டதும் வாங்கின் மேல் ஏறி நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கக் கூவினாளாம். ஆசிரியை வந்து இறக்கிவிடும் வரைக்கும் விடவில்லையாம்.

"என்னா எண்டு கூவினா?"

ஸைனப் நின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"'ஓரால் கொறா, வாங்கா' எண்டு. பிழையாச் சொல்றா வாப்பா. கொறா எண்டு இழுக்கிறா, ஒராளை ஓராலாக்குறா. கேக்கவே ஏலாது. நான் எல்லாருக்கும் முன்னால நாலு தரம் திருத்திக் குடுத்தன்."

வீட்டுக்கு வந்து, நிலத்திலிருந்து பொறுக்கி வைத்திருந்த கடிதங்களுக்குள் பாடசாலையின் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். இத்தனை மாதமாக எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் கிடந்தது. ஒரே வரியில் எழுதி முடித்தேன்: பிள்ளைக்குக் காது மிக நன்றாகக் கேட்கிறது.